நேர்க்கோட்டின் சாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புக் கணக்கில், ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் சாய்வு வருகிறது. சூத்திரம் ஒரே வரி. அதில் எண்களைப் போட்டு விடை கொண்டுவரப் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியும். வந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால்தான் தயக்கம். அந்தத் தயக்கத்திலிருந்து எழும் கேள்விகளே இவை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோருக்கும் பயன்படும்.

சாய்வு என்றால் என்ன?

"ஒன்றுக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கான விடை. கோட்டின் மேல் வலப்பக்கமாக ஓர் அலகு நகர்ந்தால் உயரம் எவ்வளவு கூடுகிறது, அல்லது குறைகிறது என்று சொல்லும் எண்தான் சாய்வு.

ஒரு கோடு (2, 3), (6, 11) என்ற இரண்டு புள்ளிகள் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் 2-லிருந்து 6-க்குப் போகிறது, அதாவது 4 கூடுகிறது. அதற்குள் ஒய் 3-லிருந்து 11-க்குப் போய்விடுகிறது, அதாவது 8 கூடுகிறது. நாலுக்கு எட்டு என்றால் ஒன்றுக்கு இரண்டு. சாய்வு 2. சூத்திரமும் இதையேதான் செய்கிறது: ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுக்கிறது. எதற்காக வகுக்கிறோம் என்றால், "நாலுக்கு எட்டு" என்பதை "ஒன்றுக்கு" என்று கொண்டுவரத்தான்.

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி "பத்தடிக்கு ஒரு இன்ச் வாட்டம் விடு" என்று சொன்னால் அவர் சாய்வைத்தான் சொல்கிறார். பத்தடி என்பது 120 இன்ச். ஆகவே சாய்வு 1/120. குளியலறைத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது இந்த எண்ணைச் சரிபார்க்கத்தான்.

கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஒரே விடைதான் வருமா?

வரும். வரவில்லை என்றால் அது நேர்க்கோடே இல்லை.

காரணம் முக்கோணத்திலேயே இருக்கிறது. கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒன்றிலிருந்து கிடையாகவும் மற்றொன்றிலிருந்து நேர் கீழாகவும் கோடு போட்டால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். வேறு இரண்டு புள்ளிகளை எடுத்தால் வேறொரு முக்கோணம். ஒன்று சிறியது, ஒன்று பெரியது, ஆனால் இரண்டிலும் கோணங்கள் அதே. கோணங்கள் சமம் என்றால் அவை வடிவொத்த முக்கோணங்கள். வடிவொத்தவை என்றால் பக்கங்களின் விகிதம் மாறாது. அந்த விகிதம்தானே சாய்வு!

மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கேட்கும் கணக்குகளின் அடிப்படை இதுதான். (1, 4), (3, 10), (8, 25) என்ற புள்ளிகளைப் பாருங்கள். முதல் இரண்டுக்கு இடையே 6/2 = 3. அடுத்த இரண்டுக்கு இடையே 15/5 = 3. விகிதம் மாறவில்லை, நடுப்புள்ளி இரண்டுக்கும் பொது, எனவே மூன்றும் ஒரே கோட்டில். முக்கோணத்தின் பரப்பு பூஜ்யம் என்று காட்டுவதைவிட இந்த வழி சீக்கிரம் முடியும், தப்பு வரும் வாய்ப்பும் குறைவு.

எந்தப் புள்ளியை முதல் புள்ளி என்று எடுப்பது?

உங்கள் இஷ்டம். ஆனால் பின்னத்தின் மேலே எந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பித்தீர்களோ, கீழேயும் அதே புள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். (−3, 5), (2, −5) என்ற புள்ளிகளுக்கு, மேலே −5 − 5 = −10, கீழே 2 − (−3) = 5, சாய்வு −2. திருப்பிப் போட்டால் மேலே 10, கீழே −5. அப்போதும் −2தான். மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று கலந்தால் குறி மாறிவிடும். பரீட்சையில் மார்க் போகிற இடங்களில் இது ஒன்று. எக்ஸ் மாற்றத்தை மேலே எழுதுவது இன்னொன்று.

கோணமும் சாய்வும் ஒன்றா?

இல்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். கோடு எக்ஸ் அச்சின் நேர்திசையோடு உண்டாக்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் (செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வருவது) சாய்வு.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கோணம் இரண்டு மடங்கானால் சாய்வும் இரண்டு மடங்காகும் என்று தோன்றும். ஆகாது. 30 பாகைக்குச் சாய்வு சுமார் 0.577, 60 பாகைக்குச் சுமார் 1.732. கோணம் இரு மடங்கு, சாய்வு மும்மடங்கு. 80 பாகைக்கு 5.67. 89 பாகைக்கு 57.29. சிறிய கோணங்களில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நடக்கின்றன: 5 பாகைக்கு 0.087, 10 பாகைக்கு 0.176.

அதே காரணத்தால்தான் "100 சதவீதச் சாய்வு" என்பது செங்குத்துச் சுவர் இல்லை. நூறு மீட்டர் கிடையாகப் போனால் நூறு மீட்டர் ஏறுகிறோம், அதாவது சாய்வு 1, கோணம் 45 பாகை. சதவீதம் நூறைத் தாண்டியும் போகலாம்.

சாலை, ரயில்பாதையில் "12-க்கு 1" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். 12-க்கு 1 என்றால் 1/12, சதவீதத்தில் 8.33, கோணத்தில் 4.8 பாகை சுமார். எண்ணைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ரயிலுக்கு அது மலை.

நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய பாதை அது. 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது, நீளம் 46 கிலோமீட்டர். கணக்குப் போடுவோம். ஏற்றம் 1,877 மீட்டர், தூரம் 46,000 மீட்டர், வகுத்தால் 0.041. அதாவது சராசரியாக 24-க்கோ 25-க்கோ 1. அப்படியென்றால் இந்த ரயிலின் இன்ஜினுக்குப் பல்சக்கரம் எதற்கு?

சராசரி மறைத்துவிடுவதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாதை கிட்டத்தட்டச் சமதளம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் கடும் ஏற்றம், அங்கே சாய்வு 12-க்கு 1 என்ற அளவை ஒட்டிப் போகிறது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் அந்த ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கும். அதனால் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். குன்னூர் தாண்டியதும் பல் தேவைப்படுவதில்லை.

கறாரான வாசகர் ஒருவர் கேட்கலாம்: 46 கிலோமீட்டர் என்பது பாதையின் நீளம், சூத்திரத்தில் வருவதோ கிடைத்தூரம் ஆயிற்றே? நியாயமான கேள்வி. இவ்வளவு சிறிய சாய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் விட்டுவிடலாம். ஏணியைச் சுவரில் சாய்த்த கணக்கில் இப்படி விட முடியாது.

சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதைக்கும் ஏற்கப்பட்ட வரம்பு இதே 12-க்கு 1. ஆறு இன்ச் உயரமுள்ள படிகள் மூன்று இருக்கின்றன என்றால் ஏற வேண்டியது 18 இன்ச். சரிவுப்பாதை 18 × 12 = 216 இன்ச், அதாவது 18 அடி நீளம் வேண்டும். பல கட்டடங்களில் படிக்குப் பக்கத்தில் ஆறடிக்குச் சிமெண்ட் பூசிவிட்டு "ராம்ப் இருக்கிறது" என்கிறார்கள். 18/72, அதாவது 4-க்கு 1. அதில் நாற்காலியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரை.

மைனஸ் சாய்வு என்றால்?

இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு இறங்குகிறது என்று பொருள். சாய்வு −2 என்றால் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு இறக்கம். −5 என்ற சாய்வு −2-ஐவிடச் "சிறியது" என்பது எண்கோட்டில் சரி. ஆனால் வேகமாக இறங்குவதில் −5தான் கூடுதல்.

கிடைக்கோட்டின் சாய்வு பூஜ்யம். செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் ஏன் "வரையறுக்க இயலாது"?

எக்ஸ் மாறவே இல்லை, எனவே பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது, அது முடியாது. புத்தகம் தரும் பதில் இது. சரியான பதில்தான். ஆனால் மனதில் உட்காருவதில்லை. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வைத்துப் பார்த்தால் உட்காரும்.

அங்கே ஒரு வரைபடத்தில் ரயில்களின் ஓட்டத்தைக் கோடுகளாகப் போடுவார்கள். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் ஸ்டேஷன்கள், அவற்றுக்கு இடையிலான தூரப்படி. ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அந்தக் கோட்டின் சாய்வு, அதாவது வேகம். எக்ஸ்பிரஸின் கோடு நிமிர்ந்து நிற்கும், பாசஞ்சரின் கோடு படுத்திருக்கும். எதிர்த்திசையில் வரும் ரயிலின் கோடு கீழ்நோக்கி இறங்கும், சாய்வு மைனஸ். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒற்றைப் பாதையாக இருந்தால் அந்த இடம் ஸ்டேஷனாகத்தான் இருந்தாக வேண்டும். "கிராசிங்குக்காக நிற்கிறது" என்று பெட்டிக்குள் அலுத்துக்கொள்கிறோமே, அதுதான் இந்த வெட்டுப்புள்ளி.

அப்படி நிற்கும் ரயிலின் கோடு எப்படி இருக்கும்? நேரம் போகிறது, தூரம் மாறவில்லை. கிடைக்கோடு. சாய்வு பூஜ்யம், வேகமும் பூஜ்யம். இதில் குழப்பமே இல்லை. பூஜ்யம் என்பது ஓர் எண், அதற்குப் பொருள் இருக்கிறது. இனி செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள். நேரம் நகரவே இல்லை, ஆனால் ரயில் இந்த ஸ்டேஷனிலும் இருக்கிறது, அடுத்த ஸ்டேஷனிலும் இருக்கிறது, நடுவில் எல்லா இடத்திலும் இருக்கிறது. இதன் வேகம் என்ன என்று கேட்டால் என்ன எண்ணைச் சொல்வது? எந்த எண்ணும் பொருந்தாது. "வரையறுக்க இயலாது" என்பதன் பொருள் அதுதான்.

அப்போது முடிவிலி என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். 89 பாகைக்குச் சாய்வு 57.29 என்று பார்த்தோம், 89.9 பாகைக்கு 572.96. இந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினால் எண் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் 91 பாகைக்குச் சாய்வு −57.29. அந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினால் மைனஸில் இறங்கிக்கொண்டே போகிறது. ப்ளஸ் முடிவிலியா, மைனஸ் முடிவிலியா என்று சொல்லவே வழியில்லை.

ஒய் = எம் எக்ஸ் + சி என்பதில் எம் சாய்வு, சி வெட்டுத்துண்டு. சி-க்கு நடைமுறையில் என்ன பொருள்?

எக்ஸ் பூஜ்யமாக இருக்கும்போது ஒய் எவ்வளவு என்பது சி. பாடப்புத்தகக் கணக்குகளில் அது "ஆரம்பத் தொகை"யாக வந்துவிடும். எல்லா இடத்திலும் அப்படி வராது. ஆட்டோ மீட்டர் நல்ல உதாரணம்.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னைக்கு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர் போட்டு ஓட்டினால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமன்பாடு எழுதச் சொன்னால் பல மாணவர்கள் உடனே "ஒய் = 12 எக்ஸ் + 25" என்று எழுதிவிடுவார்கள். சாய்வு சரி, வெட்டுத்துண்டு தப்பு. 25 ரூபாய் என்பது பூஜ்யம் கிலோமீட்டரில் உள்ள புள்ளி இல்லை, கோடு (1.8, 25) என்ற புள்ளியில் தொடங்குகிறது. அங்கிருந்து 12 என்ற சாய்வோடு பின்னோக்கி நடந்தால், 1.8 × 12 = 21.60 குறைந்து, சி = 3.40 வருகிறது. ஒய் = 12 எக்ஸ் + 3.40. ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு. நேரடியாகப் போட்டாலும் 25 + 3.2 × 12 = 63.40, ஒத்துப்போகிறது.

இங்கே 3 ரூபாய் 40 காசு யாரும் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. கோட்டைப் பின்னால் நீட்டினால் அது ஒய் அச்சைத் தொடும் இடம், அவ்வளவே. உண்மையான வரைபடத்தில் 1.8 கிலோமீட்டர் வரை 25 என்ற உயரத்தில் கிடைக்கோடு, சாய்வு பூஜ்யம். அங்கே ஒரு முறிவு, அப்புறம் 12. இரவு 11 மணி முதல் 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்ற விதியைச் சேர்த்தால் கிடைப்பகுதி 37.50-க்கு உயரும், சாய்வு 18 ஆகும், வெட்டுத்துண்டும் 5.10 ஆகும். முழுத் தொகையையும் ஒன்றரையால் பெருக்கும்போது கோடு மேலே நகர்வதோடு நிற்பதில்லை, இன்னும் நிமிரவும் செய்கிறது. வெறும் பத்து ரூபாய் கூடுதல் என்று வைத்திருந்தால் சாய்வு மாறாமல் கோடு மட்டும் இணையாக மேலே போயிருக்கும்.

சாய்வுக்கு அலகு உண்டா?

இரண்டு அச்சுகளிலும் ஒரே அலகு இருந்தால் (மீட்டருக்கு மீட்டர்) அலகு அடிபட்டுப்போகும். இல்லையென்றால் உண்டு: கிலோமீட்டருக்கு ரூபாய், மணிக்குக் கிலோமீட்டர். அலகோடு சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

செல்சியஸ்–ஃபாரன்ஹீட் கணக்கில் இதைப் பார்க்கலாம். தண்ணீர் உறைவது 0 செல்சியஸ், 32 ஃபாரன்ஹீட். கொதிப்பது 100 செல்சியஸ், 212 ஃபாரன்ஹீட். சாய்வு 180/100 = 1.8. ஒரு டிகிரி செல்சியஸுக்கு 1.8 டிகிரி ஃபாரன்ஹீட். குழந்தையின் காய்ச்சல் 38-லிருந்து 39 செல்சியஸ் ஆனால் ஒரு டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் ஃபாரன்ஹீட்டில் 100.4-லிருந்து 102.2. அச்சுகளை மாற்றி, ஃபாரன்ஹீட்டைக் கிடையில் வைத்தால் சாய்வு தலைகீழாகி 5/9 ஆகும்.

வரைபடத்தில் கோடு நன்றாக நிமிர்ந்து தெரிந்தால் சாய்வு பெரியது என்று சொல்லலாமா?

அளவுத்திட்டத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஒய் அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 என்று வைத்த படமும், 10 என்று வைத்த படமும் ஒரே கோட்டை வேறு வேறு மாதிரி காட்டும். சாய்வு எண் மாறாது, தோற்றம் மாறும். டிவியில் விலை ஏற்றத்தைக் காட்டும் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதற்கும், அதே தகவல் இன்னொரு சேனலில் சாதுவாகப் படுத்திருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு அச்சுகளுக்கும் வேறு வேறு அளவுத்திட்டம் வைத்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகள்கூடப் படத்தில் அப்படித் தெரியாமல் போகலாம்.

இணைகோடுகளுக்குச் சாய்வு சமம் என்பது புரிகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளுக்குச் சாய்வுகளின் பெருக்குத்தொகை −1 என்பது எங்கிருந்து வந்தது?

தாளைத் திருப்பிப் பாருங்கள். சாய்வு 2/3 உள்ள ஒரு கோடு: வலப்பக்கம் 3, மேலே 2. தாளைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்பினால், வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகிறது, மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. புதிய சாய்வு 3/(−2). இரண்டையும் பெருக்கினால் −1. மேலும் கீழும் இடம் மாறியதால் தலைகீழ், ஒன்று இடப்பக்கம் திரும்பியதால் மைனஸ்.

ஒரு கோடு கிடையாகவும் மற்றது செங்குத்தாகவும் இருந்தால் இந்த விதி பொருந்தாது. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே இல்லாதபோது எதைப் பெருக்குவது?

3எக்ஸ் + 4ஒய் − 12 = 0 என்று கொடுத்தால் சாய்வை எப்படிப் பார்ப்பது?

எக்ஸ் கெழுவை (எக்ஸுக்கு முன்னால் உள்ள எண்ணை) ஒய் கெழுவால் வகுத்து, குறியை மாற்றுங்கள்: −3/4. மறந்துவிட்டால் ஒய்-ஐத் தனியே பிரித்தெடுங்கள், அதே விடை வரும்.

வளைகோட்டுக்குச் சாய்வு உண்டா?

ஒரே ஓர் எண்ணாகக் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். ரயில் உதாரணத்தையே பாருங்கள். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில் ஒரே நொடியில் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில்லை. உண்மையில் அதன் கோடு படுத்த நிலையிலிருந்து மெல்ல வளைந்து எழும்பும். குறிப்பிட்ட ஒரு நொடியில் வேகம் என்ன என்று தெரிய, அந்தப் புள்ளியில் வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டை வரைந்து அதன் சாய்வைப் பார்க்க வேண்டும். தொடுகோட்டில் நமக்குத் தெரிந்த புள்ளி ஒன்றுதான், சூத்திரத்துக்கோ இரண்டு வேண்டும். அதனால் வளைகோட்டிலேயே பக்கத்தில் இன்னொரு புள்ளியை எடுத்து, அதை முதல் புள்ளிக்கு அருகே அருகே கொண்டுவந்து, சாய்வு எந்த எண்ணை நெருங்குகிறது என்று பார்ப்பார்கள். பதினோராம் வகுப்பில் வகையிடல் என்ற பெயரில் வருவது இதுதான். அங்கேயும் முதல் வரியில் நிற்பது ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுக்கும் இதே விகிதம்.